தனித்தேனீயைக் கண்டெடுத்த வாலேஸ்

தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருவது கூடுதான். ஒரு ராணி, ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள், பங்கு போட்டு வேலை, கட்டுப்பாடு. சங்கக் கூட்டங்களில் ஒற்றுமைக்கு உதாரணம் சொல்ல நாமும் எத்தனையோ தடவை தேன்கூட்டை இழுத்திருக்கிறோம். ஆனால் உலகத்தில் இதுவரை கணக்கில் ஏறியுள்ள 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகளில் பெரும்பாலானவை இப்படிக் கூட்டமாக வாழ்கிறவை அல்ல. அவற்றுக்கு ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வீடு கட்டி, தானே மகரந்தம் சுமந்து, முட்டையிட்டு, அறையை அடைத்து வைத்துவிட்டுச் செத்துப்போகும். சங்கமில்லாத தேனீ என்று வேடிக்கையாகச் சொல்லலாம். படித்தவர்கள் தனித்தேனீ என்கிறார்கள்.

இந்தத் தனித்தேனீக்களில் மட்டுமல்ல, உலகத்துத் தேனீக்கள் அத்தனையிலும் மிகப் பெரியது எதுவோ, அதை விஞ்ஞான உலகத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் ஆல்பிரட் ரசல் வாலேஸ். இங்கிலாந்தில் பிரபலமான மனிதர். நம்ம பக்கத்து மண்ணில், சிங்கப்பூரிலும் மலாக்காவிலும், வலையும் கையுமாக நடந்து திரிந்தவர். வெள்ளைக்காரர் என்றதும் தொப்பியும் பிரம்புமாக நிரைக்குள் வருகிற துரையை நினைத்துவிடக் கூடாது. இவர் கதை வேறு.

பதினான்கு வயதில் நின்ற படிப்பு

1823 ஜனவரி 8-ல் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வாலேஸ் பிறந்தார். பிள்ளைகள் அதிகமுள்ள வீடு. தகப்பனார் கையிலிருந்த பணத்தைத் தவறான வழிகளில் போட்டு இழந்தார். அதனால் மகனின் பள்ளிக்கூடம் ஏறத்தாழ 14 வயதோடு நின்றது. கல்லூரி வாசலை மாணவனாக மிதித்ததே இல்லை.

லண்டனில் தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய்ச் சில மாதம் இருந்தார். அங்கே தொழிலாளர்கள் மாலையில் கூடிப் படிக்கவும் பேசவும் ஒரு மண்டபம் இருந்தது. தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட ராபர்ட் ஓவன் என்பவரின் கருத்துகளை அங்கேதான் கேட்டார். அந்த விதை அவர் மனதில் கடைசி வரைக்கும் இருந்தது. பிறகு இன்னொரு அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலை. சங்கிலி இழுத்துக்கொண்டு மலையும் வயலும் நடந்தார். நடக்கிற வழியில் செடிகளைப் பார்த்தார், பூச்சிகளைப் பார்த்தார். மலிவு விலைப் புத்தகம் ஒன்றை வாங்கிப் பேர் தெரிந்துகொண்டார். அவருடைய பல்கலைக்கழகம் அந்த வரப்புதான்.

லெஸ்டர் நகரத்தில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். அவருக்கும் பூச்சிப் பைத்தியம். ரெண்டு பேருமாக 1848-ல் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். கையில் சொத்து கிடையாது. பிடித்த பூச்சியையும் பறவையையும் பதப்படுத்தி லண்டனில் ஒரு முகவருக்கு அனுப்ப வேண்டும், அவர் விற்றுப் பணம் அனுப்புவார். நம்ம பாஷையில் சொன்னால் இது எடைக்குக் கூலி. பிடித்தால் சாப்பாடு, பிடிக்காவிட்டால் பட்டினி.

அமேசானில் தம்பி ஹெர்பர்ட்டை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1852 ஆகஸ்டில் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. இரண்டு ஆண்டுச் சேகரிப்பு கண்முன்னே எரிந்தது. பத்து நாள் சிறு படகில் மிதந்து உயிர் தப்பினார். முகவர் முன்யோசனையாகச் செய்திருந்த இன்சூரன்ஸ் பணம் 200 பவுன்தான் மிச்சம். வேறொருவராக இருந்தால் இத்தோடு போதும் என்று உட்கார்ந்திருப்பார். இவரோ இரண்டே வருடத்தில் மறுபடி மூட்டை கட்டினார். இந்தத் தடவை நம்ம திசைக்கு.

குவீன்ஸ்டவுனிலிருந்து நடக்கிற தூரத்தில்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் நம்மவர்களுக்குப் புதிய ஊரல்ல. அங்கே காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் 1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சாமியிலிருந்து வளர்ந்தது. அந்த வட்டாரத்தை ஒட்டி ஓடிய மலாயா ரயில் 2011-ல் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு அது நீண்ட நடைபாதை ஆகிவிட்டது. குவீன்ஸ்டவுனில் தங்லின் ஹால்ட் பக்கம் ஏறி வடக்கே நடையைக் கட்டினால் புக்கிட் தீமா மலையடிக்குப் போய்ச் சேரலாம். பாதையின் இரு பக்கமும் புல்லும் புதரும் காட்டுப்பூவும். ஒரு காலத்தில் நம்ம ஆட்கள் கல் கொட்டிக் கட்டை போட்ட பாதையில் இன்று தனித்தேனீ பறக்கிறது.

1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்திறங்கிய வாலேஸ் தங்கியது அந்தப் புக்கிட் தீமாவில்தான். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் மிஷன் வீட்டில் இடம் கிடைத்தது. சுற்றிலும் காடு. காட்டுக்குள் சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாய் விழுந்த மரத்துப் பட்டைக்கும் மரத்தூளுக்கும் வண்டுகள் தேடி வரும். அந்த இடமாகப் பார்த்து வாலேஸ் வலை விரித்தார். சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகள் சேர்ந்தன. ஒரு சதுர மைல் நிலத்தில் இத்தனை! அந்த மரவெட்டிகளின் வேர்வை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பதை அவரே மறைக்காமல் எழுதி வைத்தார்.

அதே காட்டோரத்தில் கம்பீர்த் தோட்டங்களும் இருந்தன. கம்பீர் இலையை அவித்து எடுக்கும் கட்டி தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்டது. அங்கே உழைத்த சீனக் கூலிகளைப் புலி அடித்தது. சராசரியாக நாளுக்கு ஒருவர் போகிறார் என்று வாலேஸ் பதிவு செய்திருக்கிறார். புலி பிடிக்கத் தோண்டிய குழிகள் வழியெல்லாம் இருந்தன. பூச்சியைப் பார்த்து நடக்கிறவர் குழியையும் பார்த்து நடக்க வேண்டிய நிலை. செத்த கூலிகளின் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. தோட்டத் தொழிலாளி உயிர் அன்றைக்கு எவ்வளவு மலிவு என்பதற்கு இது ஒரு சாட்சி.

அந்த ஜூலையில் மலாக்கா போனார். காய்ச்சலில் விழுந்து கொயினா மருந்தில் எழுந்தார். குனோங் லேடாங் மலை ஏறினார். பிறகு சரவாக். அங்கே சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த டயாக்குகளுக்கும் சீனர்களுக்கும் பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு என்று அறிவித்தார். கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். கண் உள்ளவனுக்குக் கூலி கொடுத்தால் காடே கைக்கு வரும் என்பதை அவர் கற்றுக்கொண்ட இடம் அது.

அலி என்கிற பையன்

சரவாக்கில் 1855 முடியும் சமயம் அலி என்கிற மலாய்ப் பையன் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். வயது பதினைந்து இருக்கலாம். சமையலோடு நிற்கவில்லை. சுடக் கற்றான், பறவைத் தோலை உரித்துப் பதப்படுத்தக் கற்றான், படகு ஓட்டினான், வாலேஸ் காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கொடுத்து உட்கார்ந்திருந்தான். இங்கிலாந்திலிருந்து கூட வந்த சார்ல்ஸ் ஆலன் என்ற பையனின் கைவேலை வாலேசுக்குத் திருப்தியாக இல்லை. ஆலன் பிற்காலத்தில் சிங்கப்பூரிலேயே தங்கிக் கேலாங் பக்கம் சேரை எண்ணெய் காய்ச்சும் தோட்டம் ஒன்றுக்கு மேலாளர் ஆனார். வாலேசின் நம்பிக்கைக்குரிய வலது கை ஆனது அலிதான்.

1858 பிப்ரவரியில் தெர்னாத்தே தீவுப் பக்கம் குளிர் காய்ச்சலில் படுத்திருந்தபோது வாலேசுக்கு ஒரு பெரிய யோசனை பிறந்தது. பிறக்கிற உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை, சூழ்நிலைக்கு ஏற்றது பிழைக்கிறது, அப்படித்தான் உயிர்வகைகள் தலைமுறை தலைமுறையாக மாறி வருகின்றன என்பது அந்த யோசனை. அதை எழுதிச் சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் இருபது வருடமாக அதே கருத்தை மனதில் வைத்துக்கொண்டு வெளியிடாமல் இருந்தவர். 1858 ஜூலை 1-ல் இருவர் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டது. பேர் என்னவோ டார்வினுக்கே போய்ச் சேர்ந்தது. வாலேஸ் அதற்காகச் சண்டை பிடித்ததில்லை.

பச்சான் தீவின் ராஜா

1858 அக்டோபரிலிருந்து 1859 ஏப்ரல் வரைக்கும் வாலேசும் அலியும் மொலுக்கஸ் வட்டாரத்துப் பச்சான் தீவில் இருந்தார்கள். அங்கே அலி ஒருநாள் கையில் கொண்டுவந்த பறவை விஞ்ஞானத்துக்கே புதிய சொர்க்கப் பறவை. பறவையின் பேரில் இன்று வாலேஸ் இருக்கிறார், அலி இல்லை.

அதே தீவில்தான் அந்தத் தேனீயும் கிடைத்தது. கன்னங்கறேலென்று, நம்ம கட்டைவிரலைப் போல நீளம். சுமார் நான்கு சென்டிமீட்டர். இறக்கையை விரித்தால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல். முகத்தில் கிடுக்கி போல ரெண்டு பெரிய தாடை. வாலேஸ் தம் குறிப்பில் இதற்கு ஒரு வரிக்கு மேல் செலவழிக்கவில்லை. பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் கொடுத்த மரியாதையைத் தேனீக்குக் கொடுக்கவில்லை. லண்டன் மியூசியத்தில் வேலை பார்த்த பிரெடரிக் ஸ்மித் என்பவர் 1860-ல் அதற்கு மெகாகைல் புளூட்டோ என்று பேர் வைத்தார். புளூட்டோ என்பது ரோமானியரின் பாதாள தெய்வம், நம்ம யமதர்மன் மாதிரி.

அதற்குப் பிறகு அந்தத் தேனீ படித்தவர்கள் கண்ணில் படவே இல்லை. நூறு வருடத்துக்கு மேல். அழிந்தே போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். 1981-ல் ஆடம் மெஸ்ஸர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மறுபடி கண்டுபிடித்தார். அது எங்கே குடியிருந்தது தெரியுமா? மரத்தில் கட்டியிருக்கும் கறையான் புற்றுக்குள்ளே! அந்தப் பெரிய தாடையால் மரப்பிசினைச் சுரண்டி உருட்டி எடுத்து வந்து, தன் அறைக்குச் சுவர் பூசுகிறது. பிசின் சுவரைத் தாண்டிக் கறையான் உள்ளே வராது. எதிரி வீட்டுக்குள்ளேயே தனக்கு ஒரு தனி அறை.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஊர் மக்களிடம் அந்தத் தேனீக்கு ஒரு பேர் இருந்தது. ராஜா ஒஃபு, அதாவது தேனீக்களின் ராஜா. லண்டனில் காணாமல் போன தேனீ காட்டு ஜனங்களுக்குக் காணாமல் போகவில்லை. கேட்க ஆள் இல்லாததால் சொல்ல வாய்ப்பில்லை, அவ்வளவுதான். 2019 ஜனவரியில் வேறொரு குழு அதே வட்டாரத்தில் உயிரோடு அதைப் படம் பிடித்தது. அதற்குள் செத்த தேனீ ஒன்றை ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்கும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் கிளம்பிவிட்டார்கள். அது வாழும் காடோ சுருங்கிக்கொண்டு வருகிறது.

திரும்பிய பிறகு

1862 பிப்ரவரியில் வாலேஸ் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்பினார். எட்டு ஆண்டில் 14,000 மைல் பயணம், 1,25,660 உயிர்மாதிரிகள். புறப்படுமுன் அலிக்குப் பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, சிங்கப்பூரில் அலியைப் போட்டோவும் எடுக்க வைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அந்தச் சேகரிப்பில் ஏறத்தாழ 5,000 பறவைகள் அலியின் கை வேலை என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1907-ல் தெர்னாத்தேயில் ஒரு கிழவர் தம்மை அலி வாலேஸ் என்று ஓர் அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்திக்கொண்டாராம். முதலாளியின் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்டார் அவர். முதலாளி கண்டுபிடித்தவைகளில் தொழிலாளியின் பேர் சேர 150 வருடம் ஆயிற்று.

வாலேசிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1869-ல் வெளிவந்த அவருடைய மலாய்த் தீவுக்கூட்டப் புத்தகத்தில், ஜாவாவில் டச்சுக்காரர்கள் குடியானவர்களைக் காப்பியும் கரும்பும் கட்டாயமாகப் பயிரிட வைத்த முறையை அவர் ஆதரித்துப் பேசியிருக்கிறார். கட்டாயப் பயிர் என்றால் என்ன என்று கூலி வாங்குகிறவனைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதே புத்தகத்தின் முடிவில், செல்வம் பெருகப் பெருக ஏழைகளும் பெருகுகிற ஐரோப்பிய நாகரிகத்தையும் கடுமையாகக் கண்டித்தார். 1881-ல் நிலம் மக்கள் பொதுச் சொத்தாக வேண்டும் என்ற சங்கத்துக்குத் தலைவர் ஆனார். பிற்பாடு தாம் சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

காடு விஷயத்திலும் முன்கூட்டியே பேசியவர் அவர். ஒவ்வொரு உயிர்வகையும் பூமியின் வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் எழுத்து, எழுத்துகள் உதிர்ந்தால் புத்தகத்தைப் படிக்க முடியாது என்ற கருத்தை 1863-லேயே எழுதினார். கடைசிக் காலத்தில் இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் போட்டுச் செடிகளோடு வாழ்ந்தார். 1913 நவம்பர் 7-ல், 90 வயதில் காலமானார். சிங்கப்பூரில் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பேரில் ஒரு கல்வி நிலையம் 2009-ல் திறக்கப்பட்டது.

நாமும் பார்க்கலாம்

இங்கிலாந்தில் தனித்தேனீ பார்க்க வேண்டுமானால் பனி விலகி மார்ச் மாதம் முதல் வெயில் வர வேண்டும். நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மழை விட்டு வெயில் ஏறுகிற எந்தக் காலையும் நமக்கு வசந்தம்தான். எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் நல்ல நேரம்.

பட்ட மரக்கட்டையிலும் பழைய உத்தரத்திலும் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளை, கீழே மரத்தூள் என்றால் அது கருவண்டின் வேலை. வண்டு என்று நாம் சொல்வதும் ஒரு தனித்தேனீயே. ரோஜா இலையின் ஓரம் கத்தரியால் வெட்டியது போல வட்டமாகக் குறைந்திருந்தால் இலைவெட்டித் தேனீ வந்து போயிருக்கிறது. அந்தத் துண்டைச் சுருட்டித்தான் குஞ்சுக்குத் தொட்டில் கட்டுகிறது. பிழையென்று நினைத்து மருந்து அடிக்க வேண்டாம். வயிற்றில் நீலக் கோடு போட்டு, நின்ற இடத்தில் நில்லாமல் துள்ளிப் பறப்பது நீலக்கோட்டுத் தேனீ. சாயங்காலம் இதன் ஆண்கள் ஒரு குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். பார்க்கவே வேடிக்கை.

இவை நமக்குத் தேன் தராது. ஆனால் லயத்துப் பின்னால் போட்ட கத்தரிச் செடியைப் பாருங்கள். கத்தரிப்பூவின் மகரந்தம் சிறு துளைக்குள் அடைந்து கிடக்கும். பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிர வைத்தால்தான் உதிரும். நீலக்கோட்டுத் தேனீயும் கருவண்டும் அந்த வித்தை தெரிந்தவை. கூட்டுத் தேனீக்கு அது தெரியாது. ஆக, காய் நிறையப் பிடிப்பது இவற்றின் புண்ணியம்.

பூச்சியைப் பார்ப்பது வேலையற்றவன் வேலை என்று யாராவது சொன்னால் செம்பனையைக் காட்டுங்கள். அது காற்றில் சூல் பிடிக்கிற மரம் என்றே மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்களில் பெண்கள் பூவுக்குப் பூ மகரந்தத் தூளைக் கையால் அடித்தார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் செம்பனைப் பூவை உட்கார்ந்து கவனித்த பூச்சி ஆய்வாளர் ஒருவர், அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று கண்டார். 1981-ல் ஜொகூரில் குளுவாங் வட்டாரத்தில் அந்த வண்டை விட்டார்கள். கையால் தூள் அடிக்கும் வேலை மறைந்தது, குலையின் எடை கூடியது. கூடிய எடையில் தொழிலாளிக்கு என்ன பங்கு வந்தது என்பது வேறு கட்டுரைக்குரிய கணக்கு. ஒரு பூச்சியைக் கவனித்ததால் எத்தனை பேர் பிழைப்பு மாறியது என்பதுதான் இங்கே விஷயம்.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வீட்டோரம் ஒரு பட்ட மரக்கிளையை விட்டு வையுங்கள். காலையில் மலர்ந்து மதியத்தில் வாடும் டர்னெரா செடியைத் தோட்ட ரோட்டோரம் நட்டிருப்பார்கள். ஒரு கிளை ஒடித்து வாசலில் ஊன்றுங்கள். பூக்களைப்பூண்டு முழுவதையும் களைக்கொல்லி போட்டுப் பொசுக்க வேண்டியதில்லை. பாராகுவாட் மருந்தால் அதை அடித்த பெண்களின் நகமும் மூக்கும் என்ன பாடுபட்டன என்பது நமக்குத் தெரியும். 2020 ஜனவரியில்தான் மலேசியாவில் அதற்கு முழுத் தடை வந்தது. மருந்து வாளி சுமக்கிற கைக்கு ஆகாதது மண்ணுக்குள் குடியிருக்கிற தேனீக்கும் ஆகாது.

பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தேதி, இடம், எந்தப் பூ, என்ன நிறம் என்று நாலு வார்த்தை எழுதட்டும். தாத்தா அந்த வண்டுக்கு என்ன பேர் சொல்லுவார் என்பதையும் கேட்டு எழுதட்டும். குவீன்ஸ்டவுன் பக்கம் போகிறவர்கள் கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் 2015-ல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று மியூசியத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சின்னப் பூச்சிக்கும் பேர்ச் சீட்டு எழுதி வைத்திருக்கும் ஒழுங்கை அங்கே பார்க்கலாம்.

வாலேசை உயர்த்தியது பட்டமோ பணமோ அல்ல. பார்த்ததை அன்றைக்கே எழுதி வைத்த பழக்கம். காட்டில் அவருக்கு முன்னாலேயே பார்த்தவர்கள் எத்தனையோ பேர். எழுதாததால் அவர்கள் பேர் இல்லை. தோட்டத்தை நம்மைவிடக் கிட்டத்தில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்தப் பார்வையைப் பேரோடும் தேதியோடும் எழுதி வைப்போம். மரம் அறுத்தவர் பேரையும் அதிலே சேர்த்து எழுதுவோம்.